திங்கள்கிழமைப் படங்கள்

எங்கள் அணியை உள்ளே பார்த்தவள் நான்.
மற்றவர்களுக்குத் தெரிவது பச்சைச் சட்டை.
எனக்குத் தெரிவது
வால்தெமாரின் கணுக்காலில் மயிரிழை விரிசல்,
ஒரெஸ்தெஸின் மோதிரவிரல் இரண்டு இடத்தில்,
கை தவறி விழுந்த பீங்கான் தட்டுபோல
இர்மோவின் முட்டிச்சில்லு.

ஆற்றங்கரை ஊர். அக்கரை வேறு நாடு.
இக்கரையில் ஒரே ஆஸ்பத்திரி,
அதில் ஒரே எக்ஸ்ரே இயந்திரம், ஒரே நான்.
ஆகவே திங்கள்தோறும்
லா ரிபேரா என் மேஜைமேல் வந்து படுக்கும்
ஒவ்வோர் எலும்பாக.

மூச்சை இழுத்துப் பிடி.
அசையாதே.
ம், விடலாம்.

வெளியே சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடை வரிசையில் கேட்டார்கள்,
வால்தெமார் இறங்குவான்தானே?
மழை வரும்போல இருக்கிறது என்றேன்.

பந்தயம் கட்டமாட்டேன் என்று
யாரும் கையெழுத்து வாங்கவில்லை.
மாவுக்கட்டு அறை அனீபலிடம் ஐந்நூறு பெசோ.
நாங்கள் தோற்போம் என்று.
பதினான்கு வயதிலிருந்து
இதே கம்பிவேலியைப் பிடித்துக் கத்துகிறவள்.
என்ன செய்ய,
படம் பொய் சொல்லாது.

ஞாயிறு. சொன்னபடியே மழை.
கக்கத்தில் தெர்மோஸ், கையில் மாத்தே,
கொழுப்பில் பொரிந்த ரொட்டியின் மணம்
டிக்கெட் ஜன்னல்வரை.
பட்டியலில் முதலிடத்துக்காரர்கள்
கறுப்புக் கண்ணாடி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்,
சேறு படாமல் நடக்கக் கற்றவர்கள் மாதிரி.

எங்கள் பெஞ்சில் மூன்று பேர்.
இரண்டு பேர் பள்ளிக்கூடத்துப் பையன்கள்.
மூன்றாவது, சட்டை துவைக்கும் மில்தோன்,
யாருடைய பூட்ஸையோ மாட்டிக்கொண்டு.
கோலில் பொர்த்தெலா, நடுக்களத்து ஆள்.
ஒரெஸ்தெஸின் கையுறை அவனுக்கு
ஒரு சுற்றுப் பெரியது.
பந்து வரும்போதெல்லாம்
முதலில் கையுறையைப் பிடித்தான், பிறகு பந்தை.

எழுபத்தொன்பதாவது நிமிடம்.
அவர்கள் தடுப்பாட்டக்காரன் பந்தை வெளியேற்ற
ஓங்கி உதைக்கிறான்.
எதிரே எல்பியோ.
இரவெல்லாம் அடுப்பு முன் மாவு பிசைந்துவிட்டு
நேரே மைதானத்துக்கு வந்தவன்.
முகத்தில் படுமே என்று பயந்து திரும்பிக்கொள்கிறான்.
முதுகில் அறைந்த பந்து
வந்த வழியே பறந்து
கோலுக்குள் போய் உட்கார்ந்தது.
ஊர் முழுக்க எழுந்து குதிக்கிறது.
எல்பியோ மட்டும்
பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

அதன்பின் பதினொரு நிமிடம். மேலும் நான்கு.
கம்பத்தில் மூன்றுமுறை பட்டது.
இதையே வேறு அணி செய்திருந்தால்
அதிர்ஷ்டப் பிச்சை என்று திட்டியிருப்பேன்.
ஒருகணம் திரும்பிப் பார்த்தேன்.
இரண்டாயிரம் பேர்,
மாத்தே வாய்வரை போய் நின்றுவிட்டது,
குழந்தைகள்கூட இருமவில்லை.
இருபத்திரண்டு வருடமாக
இருட்டறையில் நான் சொல்லிவந்ததை
யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார்கள்.

விசில்.
விடலாம்.

நானும் அழுதேன்.
பக்கத்தில் நின்றவர் யாரென்றே தெரியாமல் கட்டிக்கொண்டேன்.
சட்டைப்பைக்குள் ஐந்நூறு பெசோ
நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.
கம்பத்தில் பட்ட மூன்றில் ஒன்று உள்ளே போயிருந்தால்
ஒரு துளி
கவனியுங்கள், ஒரே துளி
சந்தோஷப்பட்டிருப்பேனா?
இந்தக் கேள்விக்கு என்னிடம் இயந்திரம் இல்லை.

திங்கள் காலை அனீபல்
பணத்தை வாங்கி இரண்டுமுறை எண்ணினான்.
வேண்டாம் என்பான் என்று நினைத்திருந்தேன்.
வெளியே வரிசையில் எல்பியோ,
கையில் இன்னும் சூடாறாத பன் பொட்டலம்.
முதுகுதான், என்றான், மூச்சு விட்டால் வலிக்கிறது.

விடாதே, என்றேன்.
படம் எடுத்தேன்.
ஏழாவது விலா, இடப்பக்கம்.
பொடிக்கோடு ஒன்று.

அடுத்த ஞாயிறு வெளியூர்.
இதோடு ஆறு பேர் இல்லை.
அனீபல் கதவருகே நின்று கேட்கிறான், இந்த வாரம்?

மழை வரும்போல இருக்கிறது, என்றேன்.